வாளி வைக்கும் இடம்

என் நாத்தனாருக்கு ஐம்பது வயதுக்கு மேல் வந்த சிரிப்பை, ஒரு ஸ்பிரிங்கை மாற்றி நான் நிறுத்திவிட்டேன் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. பேசுவது யார்? என் வீட்டுக்காரர்தான். அவர் பேக்கரி நடத்துகிறார். மாவு உப்பவில்லை என்றால் அடுப்பைக் குறை சொல்லலாம், ஈஸ்டைக் குறை சொல்லலாம், மழையைக்கூடக் குறை சொல்லலாம். எனக்கு அந்த வசதி கிடையாது. நான் துப்பாக்கி கிளப்பில் மெக்கானிக். ஒரு ரைபிள் என் மேஜையை விட்டு இறங்கினால் அதற்கு நான்தான் பொறுப்பு. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த ஸ்பிரிங்கை நான் மாற்றியது சரி. இன்னொரு தடவை வந்தாலும் மாற்றுவேன். அதற்குப் பிறகு நடந்த கூத்துக்கு மனிதர்களைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் கிளப்பில் சுடுகிறவர்கள் வரிசையாகப் பாய் விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். ஒருவர் இடத்துக்கும் அடுத்தவர் இடத்துக்கும் நடுவே சிமெண்டுத் தரையில் ஒரு வெள்ளைக்கோடு. ஒவ்வொருவருக்கும் வலது பக்கத்தில் ஒரு தகர வாளி இருக்கும். சுட்டதும் ரைபிளிலிருந்து தெறிக்கும் தோட்டாவின் காலிக் கூடு எங்கே விழுகிறதோ அங்கே வாளியை வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். கூடுகள் டங், டங் என்று வாளிக்குள் விழும். சாயங்காலம் எல்லா வாளிகளும் என் அறைக்கு வரும். நான் கூடுகளைக் கழுவி, மறுபடி வெடிமருந்து நிரப்பிக் கொடுப்பேன்.

ஒரு ரைபிள் தன் கூட்டை எங்கே எறிகிறது என்பதைப் பார்த்தாலே அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். சுட்ட வேகத்தில் உள்ளே இருக்கும் போல்ட் என்ற இரும்புத் துண்டு பின்னால் பாயும், போகிற போக்கில் காலிக் கூட்டை வெளியே வீசும். அந்தப் பாய்ச்சலைத் தாங்கிப் பிடித்து, போல்ட்டை மறுபடி முன்னால் அனுப்பி, அடுத்த தோட்டாவை ஏற்றி வைப்பது ரிகாயில் ஸ்பிரிங்கின் வேலை. ஸ்பிரிங் தளர்ந்தால் போல்ட் தறிகெட்டு ஓடும். கூடு எட்டப் போய் விழும். அப்போது வாளிக்காரர் என்ன செய்வார்? ஸ்பிரிங்கைப் பார்க்க மாட்டார். வாளியைக் கொஞ்சம் தள்ளி வைப்பார். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். இப்படி வாளி நகர்வதைப் பார்த்துவிட்டால் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"எத்தனை குண்டு சுட்டா ஸ்பிரிங் மாத்தணும்?" என்று புதிதாகச் சேருகிறவர்கள் என்னைக் கேட்பார்கள். "என்னைக் கேக்காதீங்க, உங்க வாளியைக் கேளுங்க" என்பேன். இதனாலேயே கிளப்பில் எனக்கு ஸ்பிரிங்கம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். என் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். நானும் ஏன் என்று கேட்டுக்கொண்டு திரும்புவேன்.

இப்போது என் நாத்தனாருக்கு வருகிறேன். என் வீட்டுக்காரருக்கு அக்கா. எங்களோடுதான், மாடி அறையில் இருக்கிறார். டவுன் பஸ் ஓட்டுகிறார். அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியது அவர்தான். அந்த மும்முரத்தில் தன் கல்யாணத்தை மறந்துபோனாராம், அப்படித்தான் சொல்வார். குரல் என்றால் குரல், பஸ்ஸுக்கு ஹாரனே தேவையில்லை. ஆனால் சிரிப்பு மட்டும் வராது. வந்தாலும் சட்டென்று கையால் வாயை மூடிக்கொள்வார். மேல்வரிசையில் ஒரு முன்பல் பாதி உடைந்திருக்கும். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் போனது. அதைக் காட்டிக்கொள்ளப் பிடிக்காது.

அவர் சுடுவது தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிள். அவருக்கு வலது பக்கத்து இடத்தில் பல் டாக்டர் ஒருவர் சேர்ந்தார். மனைவியை இழந்து பல வருஷம் ஆனவர், மகள் வெளியூரில். பேசினால் நமக்கே காது கேட்கவில்லையோ என்று சந்தேகம் வரும், அவ்வளவு மெதுவான குரல். அவருடைய ரைபிள் பழைய மாதிரி. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்து, கூட்டை வெளியே தள்ளி, மறுபடி கையாலேயே ஏற்ற வேண்டும். அதில் ரிகாயில் ஸ்பிரிங்கே கிடையாது. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்து தொலைத்தேன்.

கோடைக்கு முன்பே என் நாத்தனாரின் வாளி நகர ஆரம்பித்துவிட்டது. முதலில் பாயின் ஓரம், பிறகு வெள்ளைக்கோட்டின் மேல். ஒரு நாள் கோட்டையும் தாண்டி டாக்டரின் முழங்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. எப்படி என்றால், சுடுவது நின்று பச்சைக்கொடி ஏறியதும், என் நாத்தனார் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டரின் தலைமாட்டில் நின்றார்.

"நகருங்க. வாளி வைக்கணும்" என்றார்.

டாக்டர் காதுக் கவசத்தைக் கழற்றாமலே நகர்ந்துவிட்டார். என் நாத்தனாரின் குரலுக்கு அந்தக் கவசமெல்லாம் எந்த மூலைக்கு?

அன்றைக்கு மறுபடி சுட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஒரு கூடு வாளியைத் தப்பி, சூட்டோடு சூடாக டாக்டரின் சட்டைக் காலருக்குள் இறங்கிவிட்டது. மனுஷர் ரைபிளை மட்டும் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஆடினார் பாருங்கள், ஒரு ஆட்டம்! சட்டையை உதறுகிறார், குதிக்கிறார், ஆனால் ஒரு சத்தம் வரவேண்டுமே, வாயிலிருந்து மூச்! கொடி ஏற்றி எல்லோரையும் நிறுத்தினோம். என் நாத்தனார் எழுந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் வாயைப் பிளந்து சிரித்தார். கை மேலே போகவே இல்லை. உடைந்த பல், நல்ல பல் எல்லாம் தெரிய அவர் சிரித்ததை நான் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். டாக்டரும் கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அசடு வழியச் சிரித்தார்.

அடுத்த தடவை டாக்டர் கழுத்தில் ஒரு சாம்பல் நிற மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தார். வெயில் மண்டையைப் பிளக்கிறது, இவர் மஃப்ளரோடு படுத்துக்கொண்டு சுடுகிறார். ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

இன்னொன்றும் நடந்தது. என் நாத்தனாரின் வாளி என் அறைக்கு வரும்போது, அதற்குள் பாதிக் கூடுகள் பளபளவென்று இருந்தன. மற்றவர்களின் கூடுகள் கரி பிடித்து வரும். இவை கண்ணாடி மாதிரி வந்தன. டாக்டரின் இடத்தில் சிதறியவற்றை அவர் பொறுக்கிக்கொண்டு போய், பல் சாமான்களைக் கழுவும் மெஷினில் போட்டு எடுத்து, அடுத்த தடவை ஒரு கண்ணாடி ஜாடியில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். எனக்கு வேலை மிச்சம். ஏன், எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆனால் வாளியை நான் விடுவேனா? போகும்போதும் வரும்போதும் சொன்னேன்.

"அண்ணி, ஸ்பிரிங் போயிடுச்சு. குடுங்க, மாத்திடறேன்."

"அப்புறம் பாக்கலாம்டி."

"அப்புறம்னா எப்போ? போல்ட்டு பின்னாடி இடிச்சு இடிச்சு உள்ள விரிசல் விட்டுடும். அப்புறம் அழுதாலும் வராது."

"நல்லாத்தானே சுடுது. சும்மா நைநைங்காத."

"உங்க பஸ்ல பிரேக் கட்டை தேஞ்சா மட்டும் அன்னைக்கே டிப்போவை ரெண்டாக்கறீங்க. இதுக்கு மட்டும் அப்புறமா?"

அதற்கு அவர் வெட்கப்பட்டமாதிரி எங்கோ பார்த்தார். நான் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவராகவே ஆரம்பித்தார்.

"பல் டாக்டர்னு பேரு. இத்தனை நாளா பக்கத்துலயே இருக்காரு, என் பல்லைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல."

"கைராசி இல்லாத டாக்டரா இருப்பாரு" என்றேன் நான்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். என் நாத்தனார் தட்டைப் பார்த்துக்கொண்டு தனக்குள் சிரித்தார். மூன்று பேர் சிரித்தோம், மூன்றும் வேறு வேறு சிரிப்பு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பக்கத்துக் கிளப்போடு வருஷா வருஷம் நடக்கும் போட்டி நெருங்கியது. போட்டிக்குப் போகும் எல்லா ரைபிளையும் நான் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். நாத்தனார் என்றாலும் விதிவிலக்கு கிடையாது. அவர் முணுமுணுத்துக்கொண்டே ரைபிளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். நான் காலி என்று உறுதி செய்துகொண்டு, குழல் வாயை மேலே தூக்கிப் பிடித்து, போல்ட்டை இழுத்து மெதுவாக விட்டேன். நல்ல ஸ்பிரிங் என்றால் போல்ட் நேராக வீடு போய்ச் சேரும். இது பாதி வழியில் நின்றது, வீட்டுக்குப் போக மனசில்லாத குடும்பஸ்தன் மாதிரி. கழற்றி எடுத்து, புது ஸ்பிரிங்கின் பக்கத்தில் வைத்தேன். பழையது குறுகிப்போயிருந்தது. நடுவில் ஒரு கோணல் வேறு. போல்ட் இடிக்கும் பின்சுவரில், இரும்பு நசுங்கிப் பளிச்சென்று ஒரு தழும்பு.

"பாத்தீங்களா அண்ணி? பாருங்க. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா உங்க ரைபிளை மாலை போட்டு மாட்ட வேண்டியதுதான்."

அவர் பழைய ஸ்பிரிங்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். 

"புதுசு போட்டா கூடு எங்க விழும்?" என்று கேட்டார்.

"இங்க. உங்க முழங்கைக்குப் பக்கத்துலயே. வாளியை எட்டி எட்டி வைக்க வேண்டாம்."

"அவ்ளோ கிட்டயா?"

"பின்ன? நான் மாத்தினா சும்மாவா?" என்று நான் பீற்றிக்கொண்டேன்.

அவர் ஒரு மாதிரித் தலையாட்டிவிட்டு, பழைய ஸ்பிரிங்கை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். நான் அதைப் பழைய ஸ்பிரிங்குகள் தொங்கும் ஆணியில் மாட்டினேன்.

நான் சொன்னபடியே ஆயிற்று. புது ஸ்பிரிங் போட்ட அன்று கூடுகள் வரிசையாக அவர் முழங்கைக்குப் பக்கத்தில் விழுந்தன. வாளி வெள்ளைக்கோட்டைத் தாண்டித் தன் வீட்டுக்குத் திரும்பியது. குறியும் நன்றாக அமைந்தது. குறிப் பலகையில் ஓட்டைகள் எல்லாம் நடுவில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றன. நான் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தேன். பெருமை தாங்கவில்லை. பக்கத்து இடத்தில் டாக்டர் தன் முழங்கை ஓரத்து வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மஃப்ளரைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஜலதோஷம் விட்டது என்று நினைத்தேன். சொன்னேனே, என் புத்தி.

அடுத்த தடவை வந்தபோது டாக்டர் வரிசையின் அந்தக் கோடியில், சுவர் ஓரத்தில் பாயை விரித்திருந்தார். என் நாத்தனாருக்கு வலது பக்கம் காலியாக இருந்தது.

அன்றோடு சிரிப்பு நின்றது. கை வாயை மூடவில்லை, மூடுவதற்கு ஒன்றும் இல்லை. வீட்டில் சாப்பிட்டார், எழுந்தார், மாடிக்குப் போனார். பஸ்ஸில் பிரேக்கை மிதித்த மிதியில் கண்டக்டர் எங்கள் பேக்கரிக்கே வந்து, "உங்க அக்காகிட்ட கொஞ்சம் சொல்லுங்க சார், என் நெத்தி வீங்கிப்போச்சு" என்று புலம்பிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார்.

"ஸ்பிரிங்கை மாத்துனதுலேர்ந்துதான் இப்படி. நீ என்ன பண்ணித் தொலைச்ச?"

"நான் என்ன அவங்களுக்கா ஸ்பிரிங் மாத்தினேன்? ரைபிளுக்கு மாத்தினேன்."

"அதைத்தான் சொல்றேன். பழசையே போட்டுக் குடுத்துடு."

எனக்கு வந்ததே கோபம்! தேய்ந்த ஸ்பிரிங்கை நான் மறுபடி போடுவதா? அதற்கு நான் பேக்கரியில் பன் அடுக்கப் போகலாம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ரைபிளை வாங்கி மறுபடி கழற்றிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டில் நன்றாக இருந்த ஒரே ஆள் அந்த ரைபிள்தான்.

இந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரருக்குப் பல்வலி. நாளெல்லாம் சர்க்கரைப் பாகை ருசி பார்க்கிற வாய், வராமல் என்ன செய்யும்? அவர் தனியாகப் போக மாட்டார், ஊசி என்றால் பயம். கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறினார். பிறகு சமாளித்துக்கொண்டு, என் வீட்டுக்காரரைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சை அடைத்தார்.

நான் மூலையில் நின்று அறையை வேடிக்கை பார்த்தேன். அலமாரியில் பல் அச்சுகளுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் பளபளவென்று காலிக் கூடுகள். ஒன்றை எடுத்து அடியைப் பார்த்தேன். சுடும்போது ரைபிளின் ஊசி குத்திய பள்ளம் நடுவில் இல்லாமல் இடது பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கியிருந்தது. இந்த ஊரில் ஒரே ஒரு ரைபிள்தான் அப்படிக் குத்தும்.

"இது எங்க அண்ணியோடதாச்சே!" என்றேன்.

டாக்டர் கையிலிருந்த, பல் பார்க்கும் கண்ணாடியைத் தட்டில் வைத்தார்.

"திருப்பிக் குடுத்துடணும்னுதான் இருந்தேன் ஸ்பிரிங்கம்மா. எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் குடுக்கறதுன்னு தெரியல. அவங்களே வாளியை எடுத்துட்டாங்க. எனக்குப் புரிஞ்சுடுச்சு. தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு கோடிக்குப் போயிட்டேன்."

"என்ன புரிஞ்சுது உங்களுக்கு?"

"அவங்க கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வந்தாங்க. என் பக்கத்துல வாளியைக் கொண்டுவந்து வெச்சாங்க. நான்... ஏதோ நெனச்சுக்கிட்டேன். அப்புறம் திடீர்னு ஒரு நாள் எடுத்துட்டாங்க. வேண்டாம்னு இதைவிட மரியாதையா எப்படிச் சொல்ல முடியும்?"

அப்போதுதான் என் மரமண்டைக்குள் விளக்கு எரிந்தது. ஸ்பிரிங்கே இல்லாத ரைபிள்காரருக்கு வாளி ஏன் நகர்ந்தது என்று எப்படித் தெரியும்? மஃப்ளர், ஜாடி, பல், "அவ்ளோ கிட்டயா" எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. தலையில் அடித்துக்கொண்டேன். சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

"ஐயோ டாக்டர்! அவங்க எடுக்கல, நான்தான் எடுத்தேன்! ஸ்பிரிங் தேஞ்சுபோனா கூடு தூரமா விழும், புதுசு போட்டா கிட்ட விழும். அவ்ளோதான் விஷயம். எல்லாம் ஸ்பிரிங் பண்ண வேலை!"

நாற்காலியில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் "ஆ... ஆவ்..." என்று ஏதோ சொல்லிக் கையை ஆட்டினார். நான் கண்டுகொள்ளவில்லை. டாக்டர் முகம் மலரும் என்று பார்த்தேன். மலரவில்லை. முன்னைவிட மோசமாகிவிட்டது. ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்போ... வாளி என் பக்கம் வந்ததும் ஸ்பிரிங்காலதானா?"

"ஆமா, தேஞ்ச ஸ்பிரிங்கு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அவங்களா வரல."

 ஒரு வாயால் ஒரு மனுஷரைத் தூக்கிவிட்டு, அதே வாயால் குழியில் தள்ளியாயிற்று. டாக்டர் ஜாடியின் மூடியைத் திருகி இறுக்கி என்னிடம் நீட்டினார்.

"நீங்களே குடுத்துடுங்க. வயசான காலத்துல எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. அவங்க சிரிக்கும்போது அந்தப் பாதிப் பல்லு தெரியுமே... அதைச் சரி பண்றேன்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடக் கூடாதுன்னு நான் எவ்ளோ ஜாக்கிரதையா இருந்தேன் தெரியுமா? அது அப்படியே இருக்கணும்."

ஜாடி என் கையில் இருந்தது. என் வீட்டுக்காரர் மறுபடி "ஆவ்!" என்றார். அவர் வலிக்கிறது என்கிறாரோ, வேறு என்ன சொல்கிறாரோ, எனக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் அவர் அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. என் மேஜைக்கு முன்னால், தேய்ந்த ஸ்பிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற முகம்.

"டாக்டர், கொஞ்சம் இருங்க" என்றேன். "ஸ்பிரிங் தேயறது ஸ்பிரிங் வேலை. ஒத்துக்கறேன். ஆனா மாத்தாம வெச்சிருந்தது யாரு?"

அவர் நிமிர்ந்தார்.

"கோடைக்கு முன்னாடியிலேர்ந்து நான் மாத்துங்க மாத்துங்கன்னு அவங்க உயிரை எடுக்கறேன். மாட்டேன்னுட்டாங்க. யாரு? பிரேக் கட்டை துளி தேஞ்சிருந்தாலும் பஸ்ஸை டிப்போவை விட்டு எடுக்க மாட்டேங்கற பொம்பள! ஸ்பிரிங் எப்போ மாத்தணும்னு அவங்களுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியற அளவுக்கு அவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் வெச்சுக்கிட்டாங்க. மாத்தினா கூடு எங்க விழும்னு என்கிட்ட கேட்டாங்க. கிட்ட விழும்னேன். அவங்க முகம் போன போக்கை நீங்க பாக்கல, நான் பாத்தேன். பாத்தும் எனக்குப் புரியல, அது வேற கதை."

டாக்டர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கோட்டு முனையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, ஆனால் தோள் குலுங்கியது. என் கையிலிருந்த ஜாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இதை நானே குடுத்துக்கறேன்" என்றார்.

அப்போது என் வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் தானே வாயிலிருந்து பஞ்சை உருவிப் போட்டார்.

"அக்காவா? எங்க அக்காவா?" என்று குழறினார். இத்தனை நேரம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"ஆமாய்யா, உங்க அக்காதான். வாயைத் திறங்க" என்றேன். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊசியால் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

போட்டிக்கு முந்தின பயிற்சி நாள். நான் வீட்டில் மூச்சு விடவில்லை, என் வீட்டுக்காரரையும் விட விடவில்லை. அவர் பேக்கரியைப் பூட்டிவிட்டு, ரைபிளைத் தொட்டே அறியாத மனுஷர், கிளப்புக்கு வந்து என் அறை ஜன்னலில் ஒட்டிக்கொண்டார். என் நாத்தனார் பாயை விரித்து, வாளியை முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்திருந்தார். முகம் வழக்கம்போல உம்மென்று இருந்தது. வலது பக்கத்து இடம் காலி.

டாக்டர் வந்தார். ஒரு கையில் ரைபிள் பை, ஒரு கையில் ஜாடி, கழுத்தில் அந்தச் சாம்பல் நிற மஃப்ளர். அன்றைக்கு வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கோடிக்குப் போகாமல் நேராகத் தன் பழைய இடத்துக்கு வந்து பாயை விரித்தார். ஜாடியை வெள்ளைக்கோட்டின் மேல் வைத்தார்.

என் நாத்தனார் தலையைத் திருப்பி ஜாடியைப் பார்த்தார். மஃப்ளரைப் பார்த்தார்.

"இந்த வெயில்ல எதுக்கு இது?" குரல் மட்டும் குறையவில்லை, கிளப் முழுக்கக் கேட்டது. "என் ரைபிளைச் சரி பண்ணியாச்சு. இனிமே அங்க ஒண்ணும் வந்து விழாது."

"தெரியும்" என்றார் டாக்டர். அவருடைய அளவுக்கு அது கத்தல்தான், எங்களுக்கே கேட்டது. "ஸ்பிரிங்கம்மா சொன்னாங்க. எல்லாம் சொன்னாங்க. விழாட்டாலும் பரவாயில்ல."

என் நாத்தனார் என் ஜன்னல் பக்கம் திரும்பி முறைத்தார். நான் சட்டென்று குனிந்துகொண்டேன். என் வீட்டுக்காரருக்குக் குனியத் தெரியவில்லை, அசடு மாதிரிக் கையை ஆட்டினார். நான் மறுபடி தலையைத் தூக்கியபோது பச்சைக்கொடி இன்னும் மேலேதான் இருந்தது. எல்லோரும் காதுக் கவசத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் நாத்தனார் எழுந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. முழங்கைக்குப் பக்கத்தில், இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருந்த வாளியைத் தூக்கினார். வெள்ளைக்கோட்டைத் தாண்டி டாக்டரின் தலைமாட்டில் போய் நின்றார்.

"நகருங்க" என்றார். "வாளி வைக்கணும்."

டாக்டர் நகர்ந்தார். நகர்ந்து, வாளிக்கு மட்டுமல்லாமல் ஓர் ஆள் உட்காரவும் இடம் விட்டார். என் நாத்தனார் வாளியை வைத்துவிட்டுச் சிரித்தார். பாதிப் பல்லும் தெரிந்தது, கையும் மேலே போகவில்லை. என் வீட்டுக்காரர் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினார், என் சட்டையெல்லாம் மாவு.  சொல்வதற்கு என்ன வெட்கம், நானும் அழுதேன்.

பிறகு, சுடும் நேரம் என்று காட்டும் சிவப்புக்கொடி ஏறியது, எல்லோரும் சுட ஆரம்பித்தார்கள். நான் போட்ட ஸ்பிரிங் தப்பு செய்யவில்லை. என் நாத்தனாரின் கூடுகள் ஒன்று விடாமல் அவர் முழங்கைக்குப் பக்கத்தில், வாளியே இல்லாத வெறும் தரையில் விழுந்து உருண்டு ஓடின. ஒரு கூடுகூட வெள்ளைக்கோட்டை எட்டவில்லை. டாக்டர் ஒவ்வொரு குண்டுக்கும் தன் பழைய ரைபிளின் போல்ட்டைக் கையால் இழுத்து, வந்த கூட்டை எடுத்து, என் நாத்தனாரின் வாளியில் போட்டார்.

டங்.

ஒவ்வொரு தடவையும் என் நாத்தனாரின் தோள் சிரிப்பில் குலுங்கியது. குறி எக்கச்சக்கமாகத் தவறியது. சாயங்காலம் தரையில் சிதறிக்கிடந்த கூடுகளை எல்லாம் குனிந்து குனிந்து பொறுக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். வாளியை அங்கே வைக்கக் கூடாது என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.